8ஆம் நம்பர் ஊசி எது?

கைவேலை கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைப் போர்வை பற்றியவை. மார்கழி, தை என்று பேரப்பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. முதல் கடிதமே பக்கத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கான பதிலும் அதற்குள் கொஞ்சம் கிடக்கும்.

கேள்வி: ரீச்சர், என் மகளுக்கு ரொறன்ரோவில் தை மாதம் குழந்தை பிறக்க இருக்கிறது. எனக்கு என் அம்மா போர்வை பின்னிய பழைய ஆங்கிலத் தாள் இன்னும் இருக்கிறது. அலைப் பின்னல், டபிள் நிட்டிங் நூல் 12 அவுன்ஸ், 8ஆம் நம்பர் ஊசி, 172 கண்ணி. புறக்கோட்டையில் அந்த நூல் அகப்படவில்லை. “இதுவும் பேபிக்குப் பின்னுகிறதுதான்” என்று கடைக்காரர் 4 பிளை பருத்தி நூல் தந்தார். ஊசி மகள் அனுப்பியது. அதிலும் 8 என்றுதான் பொறித்திருக்கிறது. 20 சென்ரிமீற்றர் பின்னிவிட்டேன். மீன் பிடிக்கலாம் போலிருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா, இரண்டு நாட்டு நம்பர்கள் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிட்டன.

உங்கள் அம்மாவின் தாளில் இருக்கும் 8, பழைய பிரித்தானியக் கணக்கு. அது 4 மில்லிமீற்றர். மகள் அனுப்பிய ஊசியில் இருக்கும் 8, அமெரிக்கக் கணக்கு. அது 5 மில்லிமீற்றர். ஊசியை நன்றாகத் திருப்பிப் பாருங்கள், எங்காவது சின்னதாக 5.0 என்றும் இருக்கும். பழைய பிரித்தானிய முறையில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் நம்பர் கூடக் கூடத் தடிக்கும். இரண்டும் எதிரும் புதிருமாக வந்து 7ஆம் நம்பரில் மட்டும் கைகுலுக்கிக்கொள்ளும். அது இரண்டிலும் 4.5 மில்லிமீற்றர். 8 தேடிப் போனவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நூல் மற்றப் பக்கம் போய்விட்டது. டபிள் நிட்டிங் என்ற நடுத்தரத் தடிப்பு நூலை 4 மில்லிமீற்றர் ஊசியில் பின்னினால் 10 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 22 கண்ணி வரும். 4 பிளை அதைவிட மெல்லியது, 3.25 ஊசியில் 28 கண்ணி வரும். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் போட்டால் வலைதானே வரும்.

எனக்கும் இது நடந்தது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நியூ ஜேர்சியில் இருந்த சின்னம்மா ஒரு சோடி ஊசி அனுப்பினார். நான் மனையியல் படிப்பித்தவள், வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். நம்பரைப் பார்த்தேனே தவிர ஊசியைப் பார்க்கவில்லை. நூல் சரியான டபிள் நிட்டிங். ஊசி மட்டும் 5 மில்லிமீற்றர். 78 சென்ரிமீற்றர் வரவேண்டிய அகலம் 90ஐத் தொட்டது. அகலம் கூடினால் நூலும் கூடத்தானே வேண்டும், முக்கால்வாசியில் முடிந்துவிட்டது. திரும்பக் கடைக்கு ஓடினேன். அதே கம்பனி, அதே இளநீலம், ஆனால் லேபிளில் சாயத் தொகுதி எண், அதாவது எந்தத் தடவை சாயமிட்ட நூல் என்பது, வேறு. கடையின் ரியூப்லைற் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்தால் ஒன்று வானம், மற்றது கடல். அந்தக் கோடு அழகுக்காகப் போட்டது என்று மூத்தவன் 12 வயது வரை நம்பியிருந்தான். நானும் மறுக்கவில்லை.

சரி, உங்கள் 20 சென்ரிமீற்றரை என்ன செய்வது? உருவுங்கள். மனம் வராது, தெரியும். ஒரு கப் தேத்தண்ணீர் குடித்துவிட்டு உருவுங்கள். உருவிய நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, நிழலில் காயப்போட்டால் வளைவெல்லாம் நேராகிவிடும்.

பின்னல் வேலையிலேயே போர்வைதான் பெருந்தன்மையானது. அதற்குத் தோள் இல்லை, கழுத்து இல்லை, போட்டுப் பார்த்து இறுக்குது என்று அழ ஆளில்லை. 22 கண்ணி வரவேண்டிய இடத்தில் 21 வந்தால் 172 கண்ணிப் போர்வை 78க்குப் பதில் 82 சென்ரிமீற்றர் வரும். யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு சட்டைக்கு இந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே தாளில் உள்ள 22ஐத் துரத்த வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் நூல் எந்த ஊசியில் நல்ல துணியாக வருகிறது என்று மட்டும் பாருங்கள். புட்டுக்கு எத்தனை கப் தண்ணீர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? மாவைப் பிடித்துப் பார் என்பீர்கள். இதுவும் அதுதான்.

பிடித்துப் பார்ப்பதற்குப் பெயர் டென்ஷன் துண்டு, அளவு பார்க்க முதலில் பின்னும் சின்ன மாதிரி. பெயரே பயமுறுத்துவதால்தான் எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தாளில் ஓர் அலைக்கு 18 கண்ணி. இரு பக்கமும் 5 கண்ணி கரை, நடுவில் 9 அலை, மொத்தம் 172. அப்படியென்றால் 3.25 மில்லிமீற்றர் ஊசியில் 46 கண்ணி போடுங்கள்: இரண்டு அலையும் இரண்டு கரையும். இந்த ஊசி பழைய பிரித்தானிய நம்பரில் 10, அமெரிக்க நம்பரில் 3. கடையில் நம்பரே சொல்லாதீர்கள், மில்லிமீற்றரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சாண் உயரம் பின்னுங்கள். சாதாரணப் பின்னலில் துண்டு செய்து பார்த்துவிட்டு அலைக்குப் போக வேண்டாம், ஓட்டை விழும் பின்னல் விரியும், அளவு பொய் சொல்லும். முடித்த துண்டை மகள் எப்படித் தோய்ப்பாளோ அப்படித் தோயுங்கள். நல்லாய்க் காய்ந்தபிறகுதான் அடிமட்டம் வையுங்கள்.

ஓர் அலை 6½ சென்ரிமீற்றர் வந்தால் 12 அலைக்கு 78, கரையும் சேர்த்து 81 சொச்சம். கண்ணிக் கணக்கில் 12 தடவை 18, அதோடு 10, ஆக 226. கொஞ்சம் சின்னதாகப் போதும் என்றால் 11 அலை, 208 கண்ணி. இடையில் எந்த எண்ணும் போட முடியாது, போட்டால் கடைசி அலை பாதியில் நிற்கும். நீளத்துக்குத் தாளில் வரி எண்ணிக்கை இருந்தால் அதை மறந்துவிடுங்கள். 95 சென்ரிமீற்றர் வரும்வரை பின்னி, ஓர் அலை முடிகிற வரியில் நிறுத்துங்கள்.

துண்டைக் கையில் எடுத்துச் சுண்டுவிரலை அலையின் ஓட்டைக்குள் விடுங்கள். சுகமாகப் போய் வந்தால் குழந்தையின் விரலும் போய்ச் சிக்கும். 3 மில்லிமீற்றருக்கு இறங்குங்கள். மாறாகத் துண்டு பன்பாய் மாதிரி விறைத்து நின்றால் 3.75க்கு ஏறுங்கள். எனக்குச் சித்திரை வெயிலில் கை வியர்த்து நூல் இறுகும், மழை நாளில் தளரும். அதனால் துண்டு பின்னிய அதே நேரத்தில்தான் போர்வையையும் பின்னுவேன், இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு.

இனி நூல் எவ்வளவு வேண்டும்? இங்கேதான் பலர் கிராமைப் பார்த்துக் கவிழ்கிறார்கள். பின்னுவது நீளத்தை, எடையை அல்ல. 12 அவுன்ஸ் என்றால் 340 கிராம். கம்பளி டபிள் நிட்டிங் 100 கிராமில் சுமார் 225 மீற்றர் இருக்கும், ஆக உங்கள் அம்மா பின்னியது ஏறக்குறைய 765 மீற்றர். மெல்லிய நூலுக்குப் போனால் கண்ணி கூடும், நீளமும் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு 28ஐ 22ஆல் வகுத்தால் போதும், கால் பங்கு அதிகம். 970 மீற்றர் என்று வையுங்கள். உங்கள் 50 கிராம் உருண்டையின் லேபிளில் 155 மீற்றர் என்று இருந்தால் 7 உருண்டை. ஒன்று கூடவே வாங்குங்கள், ஒரே சாயத் தொகுதி எண்ணில். ஏன் என்று என் மூத்தவனைக் கேளுங்கள்.

மகள் அனுப்பிய 5 மில்லிமீற்றர் ஊசியைத் தூக்கி எறியவும் தேவையில்லை. அதே நூலை இரட்டையாகப் பிடித்தால் அந்த ஊசிக்குப் பொருந்தும், வேகமாகவும் முடியும். ஆனால் 9 உருண்டைக்கு மேல் போகும், போர்வை 450 கிராம் தாண்டும். பிறந்த குழந்தைக்கு அது பாரம். ஒற்றை நூலில் பின்னுங்கள் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று. மகள் அதைத் தொட்டிலில் போடமாட்டேன் என்று சொன்னால் மனம் நோகாதீர்கள். முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. மடியில், விழித்திருக்கும்போது தரையில் விரிக்க, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும்போது வண்டியில் போர்த்த, எல்லாவற்றுக்கும் உங்கள் போர்வை வேண்டும்.

கேள்வி: மாமி விட்டுப்போன பெட்டியில் லேபிளே இல்லாத கம்பளி நூல் நிறைய இருக்கிறது, ஊசிகளும் தேய்ந்து நம்பர் தெரியவில்லை. எனக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மாதிரித்தாளில் 8 பிளை என்று இருக்கிறது. 4 பிளையை இரண்டாகச் சேர்த்தால் 8 பிளை ஆகிவிடுமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. பிளை என்பது முதலில் எத்தனை இழை முறுக்கியது என்பதற்கு வந்த சொல். இப்போது அது வெறும் பெயர். அவுஸ்திரேலியாவின் 8 பிளை நாங்கள் சொல்லும் டபிள் நிட்டிங். அவர்களின் 10 பிளை, அதைவிடத் தடித்த அறன் அல்லது வர்ஸ்டட். இதோடு விட்டதா? பழைய அமெரிக்க அக்ரிலிக் உருண்டைகளில் 4 பிளை என்று போட்டிருப்பது நாலு இழை முறுக்கிய தடித்த வர்ஸ்டட். லேபிளை நம்பி அதைப் பேபி நூல் என்று வாங்கியவர்கள் உண்டு. 4 பிளை இரண்டைச் சேர்த்தால் 8 பிளைக்குக் கிட்ட வரும், ஆனால் சற்றுத் தடிப்பாக. 22 வரவேண்டிய இடத்தில் 20 கண்ணிதான் வரும். போர்வைக்குத் தாராளமாகப் போதும்.

லேபிள் இல்லாத நூலுக்கு விரலே தராசு. தெரிந்த ஒரு நூலையும் தெரியாத நூலையும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி இழுத்து, முறுக்கி, சந்திக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். தடிப்பு மாறினால் விரல் சொல்லிவிடும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் நான் செய்த பைத்தியக்கார வேலையைச் செய்யலாம். சரியாக 10 மீற்றர் அளந்து வெட்டி, செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடையில் நிறுக்கச் சொன்னேன். சமையலறைத் தராசு இவ்வளவு சின்ன எடைக்குச் சரிவராது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்: 4.4 கிராம். அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட. கம்பளியில் அது டபிள் நிட்டிங். 2.5 கிராம் வந்தால் 4 பிளை, 6க்குக் கிட்ட வந்தால் அறன். பருத்திக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம், அதே தடிப்பில் அது பாரம் கூட.

ஊசிக்கு, ஓட்டை போட்ட அளவுத் தகடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டில் ஏ.எல். பௌதிகவியல் படிக்கும் பிள்ளையின் வேணியர் இடுக்குமானியைக் கேளுங்கள். அந்தக் கருவி பரீட்சைக்கு வெளியே உதவுவதைப் பார்த்துப் பிள்ளைக்கும் சந்தோசமாக இருக்கும்.

கேள்வி: மாதிரித்தாளில் கம்பளி என்று இருக்கிறது. இங்கே அக்ரிலிக்தான் மலிவு. மாற்றலாமா? குளிருக்குப் போதுமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: மாற்றலாம், ஆனால் மூன்று நூலும் மூன்று குணம். மேலே சொன்ன 765 மீற்றர் போர்வையையே எடுப்போம். கம்பளியில் 340 கிராம். அக்ரிலிக் டபிள் நிட்டிங் 100 கிராமில் 295 மீற்றர் வரை ஓடும், அதனால் 260 கிராம் போதும். பருத்தியில் 100 கிராமுக்கு 170 மீற்றர்தான், 450 கிராம் வேண்டும். 340 கிராம் என்று எழுதியிருக்கிறதே என்று பருத்தியிலும் 340 வாங்கினால் கால்வாசிப் போர்வை குறையும். கடைக்குப் போகுமுன் மீற்றரைப் பாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

உங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பளி மேல். ஈரம் பட்டாலும் சூடு தரும். ஆனால் சுடுதண்ணீரில் போட்டு அலைத்தால் சுருங்கித் தடித்துப்போகும், மெஷினில் தோய்க்கலாம் என்று லேபிளில் இருந்தால் மட்டும் மெஷின். அக்ரிலிக் எதற்கும் அசையாது, இஸ்திரிப்பெட்டியைத் தவிர. சூடு பட்டால் உருகித் தொய்ந்துவிடும், திரும்ப வராது. பருத்தி கொழும்புக்கு நல்லது. கம்பளிபோல் இழுபட்டு மீளாது, தொங்கத் தொங்க நீளும், அதனால் தாளில் சொன்னதைவிட ஒரு படி சின்ன ஊசி எடுங்கள், கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவையுங்கள். மொகேர், அங்கோரா மாதிரி மயிர் பறக்கும் நூல் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கேள்வி: போர்வை முடிந்துவிட்டது. குழந்தை பிறக்க இன்னும் 3 மாதம். பூச்சி அரிக்காமல் நப்தலின் உருண்டை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். சரிதானே?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பிள்ளை, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நப்தலின் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பிறக்குமுன் யாருக்குத் தெரியும்? போர்வையைத் தோய்த்து, வெயிலும் காற்றும் படும் இடத்தில் பல நாள் விட்டு, மணம் முழுக்கப் போனபிறகுதான் எடுத்துவையுங்கள். பருத்தியும் அக்ரிலிக்கும் அந்துப்பூச்சிக்குப் பிடித்த சாப்பாடே இல்லை. கம்பளி என்றால் தோய்த்து, ஈரமே இல்லாமல் காயவைத்து, சிப் பையில் இறுக்கி மூடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்ததைப் பைக்குள் போட்டால் பூச்சிக்குப் பதில் பூஞ்சணம்.

கேள்வி: நான் அப்பாவாகப் போகிறேன், வீடியோ பார்த்துப் பின்னப் பழகுகிறேன். 226 கண்ணி நேர் ஊசியில் கொள்ளவே இல்லை, நுனியால் வழுக்கி விழுகிறது. மனைவி சிரிக்கிறாள்.
— வாசகர், தெஹிவளை

பதில்: சிரிக்கட்டும் தம்பி. நேர் ஊசியை விட்டுவிட்டு, இரு ஊசிகளை வளையும் கேபிளால் இணைத்த வட்ட ஊசி, 80 அல்லது 100 சென்ரிமீற்றர் நீளத்தில் வாங்குங்கள். வட்டமாகப் பின்னத் தேவையில்லை, வரி முடிந்ததும் திருப்பிப் பிடித்து வழமைபோலப் போய் வரலாம். பாரம் மணிக்கட்டில் இல்லாமல் மடியில் கிடக்கும். மில்லிமீற்றர் அதேதான், ஆனால் உலோக ஊசியிலிருந்து மூங்கிலுக்கு மாறினால் கண்ணி கொஞ்சம் இறுகக்கூடும், இன்னொரு துண்டு பின்னிப் பாருங்கள். வழுக்குகிறது என்கிறீர்களே, வியர்க்கிற கைக்கு மூங்கில்தான் நல்லது. தொடங்கும்போது 226ஐயும் ஒரே மூச்சில் எண்ண வேண்டாம். 20க்கு ஒரு நிற நூலை முடிச்சாகப் போட்டுக்கொண்டே போங்கள். நடுவில் மனைவி கூப்பிட்டாலும் எண்ணிக்கை தவறாது.